சம்ரீனின் பதினாறு ஸ்க்ரூ

திருச்சி டவுனில், பெரிய கடை வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒரு சந்தில் சம்ரீன் என்கிற பெண் குடியிருக்கிறாள். வயது பத்தொன்பது. அவள் முதுகை வளைத்துக் குனிந்ததை அந்தச் சந்தில் யாரும் பார்த்தது கிடையாது. கையிலிருந்து சாவி விழுந்தால், முட்டியை மடக்கி நேராக உட்கார்ந்து, சாவியை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி நேராக எழுந்து நிற்பாள். புதிதாகக் குடிவருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு என்னா திமிரு!" என்று பேசிக்கொள்வார்கள். திமிராவது ஒன்றாவது! முதுகுக்குள் இரண்டு கம்பியும் பதினாறு ஸ்க்ரூவும் இருந்தால் நீங்களும் நானும் அப்படித்தான் எழுந்திருப்போம்.

அவளுடைய முதுகு வளைந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, தையல்காரி விஜயராணி. சம்ரீன் பத்தாவது படிக்கும்போது, விஜயராணி தைத்துக் கொடுத்த சுடிதார் டாப் எல்லாம் இடது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றன. சம்ரீனின் அம்மா மஜீதா விடுகிற ஆளா? மூன்று தடவை போய்ச் சண்டை போட்டாள். "துணி வெட்டத் தெரியலன்னா வேற வேல பாரு, ஏன் எங்க உயிர வாங்குற?" என்றாள். மூன்றாவது தடவை விஜயராணி கத்தரியைக் கீழே வைத்தாள். சம்ரீனைத் திருப்பி நிறுத்தி, கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, துணி நேராத்தான் இருக்கு. பொண்ணுதான் கோணலா இருக்கு."

மஜீதா இதற்காக விஜயராணியோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் எக்ஸ்ரேயும் அதையேதான் சொன்னது. முதுகெலும்பு ஐம்பத்தெட்டு டிகிரி வளைந்திருக்கிறது, போகப் போக நுரையீரலை அழுத்தும், ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார் டாக்டர் விக்டர்.

சம்ரீனின் அத்தா நஜிமுதீனுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, போல்ட், கீல், தாழ்ப்பாள் என்று முப்பது வருஷ வியாபாரம். மற்ற அப்பாக்கள் இந்த மாதிரி நேரத்தில் டாக்டரிடம் என்ன கேட்பார்கள்? பிள்ளைக்கு ஆபத்து இல்லையே என்று கேட்பார்கள். நஜிமுதீனும் அதைத்தான் கேட்க நினைத்தார், ஆனால் அவருக்குத் தெரிந்த பாஷையில்தான் வார்த்தை வந்தது.

"ஸ்க்ரூ என்னா மெட்டல் சார்?"

"டைட்டானியம்."

"துருப் பிடிக்காதே?"

"பிடிக்காது."

"வாஷர் போடுவீங்கள்ல?"

"இதுக்கு வாஷரெல்லாம் கிடையாது பாய்."

"வாஷர் இல்லாமலா!" நஜிமுதீன் முகம் செத்துவிட்டது. வாஷர் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வாடிக்கையாளருக்குக் கொடுத்தனுப்பாத மனிதர் அவர். மறுநாள் ஒரு டஜன் ஸ்ப்ரிங் வாஷரைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போய், "சும்மா வச்சுக்கங்க சார், எதுக்கும் உதவும்" என்று டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சம்ரீன் ஒரே நாளில் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள். எட்டு பேண்ட்டும் கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டன. மஜீதா அத்தனையையும் அள்ளிக்கொண்டு விஜயராணியிடமே போய் நின்றாள். "இப்ப நேரா இருக்கா, அளவெடுத்துக்க" என்று சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை அந்தத் தெருவே கேட்டது. அடுத்த நிமிஷமே, சொல்லிவிட்டோமே என்று பதறி, "ஏதோ இருக்கா, அவ்வளவுதான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

இந்த "ஏதோ இருக்கா"வைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஜீதாவுக்குக் கண்ணேறு என்றால் அப்படி ஒரு பயம். பொண்ணு எப்படி இருக்கா என்று யார் கேட்டாலும், நல்லா இருக்கா என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வராது. "எங்கங்க, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல", "ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது" என்று எதையாவது அவிழ்த்துவிடுவாள். உள்ளே சம்ரீன் மூன்றாவது தட்டு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஆறே மாதத்தில் "எல்லாம் செய்யலாம், போ" என்று சொல்லிவிட்டார். வீடுதான் சொல்லவில்லை. இடி இடித்தால் சம்ரீன் மொட்டைமாடிக்குப் போகக்கூடாது, முதுகில் கம்பி இருக்கிறதாம். மின்சார அடுப்புப் பக்கம் நிற்கக்கூடாதாம். ஒரு பெருநாள் அன்று சொந்தக்காரப் பிள்ளைகள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்து அவள் முதுகில் ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. நஜிமுதீன் அதைப் பார்த்து, "நல்ல சரக்குதான் போட்டிருக்காரு" என்று மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

சம்ரீன் காலேஜுக்குப் போகவில்லை. கேக் மேல் க்ரீமில் எழுதக் கற்றுக்கொண்டாள். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், வைஷ்ணவி என்கிற பெண் முட்டை சேர்க்காத கேக் கடை வைத்திருக்கிறாள். அங்கேதான் வேலை. கேக் மேல் எழுதுவது சாதாரண வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்ரீரங்கத்தில் குழந்தைகளுக்கு வைக்கிற பெயர்கள் அப்படி. அரைக் கிலோ கேக்கில் 'ஹேப்பி பர்த்டே வகுளபூஷணன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு ரோஜாவும் போட வேண்டும். சம்ரீன் போட்டுவிடுவாள். அவளால் குனிய முடியாது என்பதால் வைஷ்ணவி மேஜைக் காலுக்கு நான்கு செங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்திருந்தாள்.

எல்லாம் சரி, போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். அத்தா பஸ்ஸுக்கு விடமாட்டார், கூட்டத்தில் இடிப்பார்களாம். அதனால் அப்துல் சலாம் ஆட்டோ. "குலுங்கக் கூடாது சலாம் பாய்" என்று நஜிமுதீன் சொன்னதை அப்துல் சலாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டியை நிறுத்தி, "புடிச்சுக்கம்மா, ஏறப் போறேன்" என்று அறிவிப்பார். ஏறியதும், "இப்ப எறங்கப் போறேன்" என்பார். காவிரிப் பாலத்தில் சைக்கிள்காரர்கள் மணி அடித்து அவர்களை முந்திக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடச் சவாரி முடித்துவிட்டு எட்டு மணிக்குத்தான் அவரால் வர முடியும்; அப்போது கிளம்பினால் ஒன்பதரைக்குப் போய்ச் சேருவாள்.

வைஷ்ணவியும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"சம்ரீன், நன்னா எழுதறே, நான் இல்லேங்கலை. ஆனா இனிமே காலம்பற ஏழரைக்கே ஆர்டர் கொடுத்தாகணும். ஒண்ணாந்தேதிலேர்ந்து ஏழரைக்கு வர முடிஞ்சா வா. இல்லேன்னா நான் வேற ஆள்தான் பார்க்கணும்டி. பெருமாள் சத்தியமா எனக்கு மனசே இல்லை."

வீட்டில் வண்டி இல்லாமல் இல்லை. அண்ணன் கலீம் துபாய் போனதிலிருந்து அவனுடைய ஸ்கூட்டர் போர்வை மூடி நிற்கிறது. சம்ரீனிடம் லைசென்ஸ் இருக்கிறது. வைஷ்ணவியின் வண்டியில் கற்றுக்கொண்டாள். அடையாள அட்டையாக உதவும் என்று அத்தாவே கூட்டிக்கொண்டு போய் எடுத்துக் கொடுத்தார். அவள் எட்டு போட்டுக் காட்டும்போது மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆனால் ரோட்டில் ஓட்டுவதா? மூச்!

"அத்தா, ஏழரைக்குப் போகலன்னா வேலை போயிடும்."

"வேலை போனா வேற வேலை. ஸ்க்ரூ லூஸ் ஆனா என்னா பண்ணுவ? வைப்ரேஷன்ல எப்பேர்ப்பட்ட ஸ்க்ரூவும் லூஸ் ஆகும். அதுவும் வாஷர் இல்லாத ஸ்க்ரூ!"

"டாக்டர்தான் எல்லாம் செய்யலாம்னாரே."

"வாயால சொன்னாரு. வண்டி ஓட்டலாம்னு எழுதி, சீல் போட்டுக் குடுக்கச் சொல்லு. சாவிய நானே எடுத்துத் தர்றேன்."

சம்ரீன் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். மூன்று வருஷப் பரிசோதனைக்கு நேரம் ஆகிவிட்டது, ஒரு கேள்விப் படிவம் வரும், அதை நிரப்பி அனுப்புங்கள், பார்த்துவிட்டு டாக்டர் கடிதம் கொடுப்பார் என்றார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையால் 'மிக நன்று' என்று போட்டுத் தள்ளுவதற்காக இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிவம் அவள் போனுக்கு வரவே இல்லை.

ஆனால் வந்துவிட்டது. மஜீதாவின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. ஆபரேஷன் சமயத்தில் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள்.

மத்தியானத் தொழுகை முடித்து உட்கார்ந்த மஜீதா, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்கிறார்கள். தெருவில் ஒருத்தி கேட்டாலே சொல்லமாட்டாள். இது கம்ப்யூட்டர். எத்தனை பேர் பார்ப்பார்களோ, எந்தெந்த ஊர்க்காரன் கண்ணோ! இருபத்திரண்டு கேள்விக்கும் இருப்பதிலேயே மோசமான பதிலாகத் தேடித் தேடி அமுக்கினாள். வலி, தாங்க முடியாதது. நடை, முடியாது. வேலை, படுக்கையிலேயே இருக்கிறார். அமுக்கி அனுப்பிவிட்டு, பொண்ணை ஒரு பெரிய கண்டத்திலிருந்து காப்பாற்றிவிட்ட திருப்தியில் ஒரு குட்டித் தூக்கம் போட்டாள்.

மறுநாள் காலை மஜீதாவின் போன் அடித்தது. அவள் சமையலறையில் இருந்ததால் சம்ரீன் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறோங்க. பேஷண்ட் எப்படி இருக்காங்க? எழுந்து உட்காரவாவது முடியுதா?"

"நான்தான் பேஷண்ட். ஸ்டூல் மேல நிக்கிறேன். ஒட்டடை அடிச்சிட்டிருக்கேன்."



"மொதல்ல ஸ்டூல விட்டு எறங்குங்க!" என்று அலறியது அந்தக் குரல். "மார்க்கு ரொம்ப மோசமா வந்திருக்கு. டாக்டர் பயந்துட்டாரு. இப்பவே வாங்க. அவரு பார்க்கிற வரைக்கும் வேலைக்குப் போகாதீங்க, வண்டி கிண்டி எதையும் தொடாதீங்க."

அலறலைக் கேட்டு ஓடிவந்து பக்கத்தில் நின்ற நஜிமுதீன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "லூஸ் ஆயிடுச்சு" என்றார். "நான் சொன்னேன். யாராவது கேட்டீங்களா?" ஒண்ணாந்தேதிக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது.

யார் நிரப்பினார்கள் என்பது ஆட்டோவில் போகும்போது தெரிந்துவிட்டது. மஜீதாவால் மறைக்க முடியவில்லை. "உன் நல்லதுக்குத்தான்டி பண்ணேன்" என்றாள். அப்துல் சலாம் அன்றைக்கு வேகத்தடைகளில் ஏறவே பயந்து, ஓரமாக இறக்கி ஓட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் சின்னையன் என்கிற வார்டு ஊழியர் சக்கர நாற்காலியோடு தயாராக நின்றார். படுக்கையோடு படுக்கையாகக் கிடக்கிற பேஷண்ட் வருகிறார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆட்டோவிலிருந்து கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து ஒரு பெண் இறங்கினாள். பின்னால், முட்டிவலியில் "யா அல்லாஹ்" என்று முனகியபடி, அழுது வீங்கிய முகத்தோடு மஜீதா இறங்கினாள். சின்னையனுக்குச் சந்தேகமே வரவில்லை. "வாங்கம்மா, ஒக்காருங்க, ஒண்ணும் ஆகாது" என்று மஜீதாவை அலாக்காகப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டார். நஜிமுதீனும் சம்ரீனும் துரத்திப் பிடிப்பதற்குள் மஜீதாவுக்கு எக்ஸ்ரே அறையில் வளையலைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆள் மாற்றி, சம்ரீனுக்கு எக்ஸ்ரே எடுத்து, எல்லோரும் டாக்டர் விக்டர் முன்னால் உட்கார ஒரு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். சம்ரீனை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். பிறகு படிவத்தைப் பார்த்தார். மறுபடி சம்ரீனைப் பார்த்தார்.

"ஸ்க்ரூ?" என்றார் நஜிமுதீன் பயந்துகொண்டே.

"பதினாறும் வச்ச இடத்துல அப்படியே இருக்கு பாய். எனக்கு ஒண்ணுதான் புரியல. நடக்க முடியலன்னு போட்டிருக்கு. வீட்டு வேலை செய்ய முடியலன்னு போட்டிருக்கு. 'உங்கள் தோற்றம் எப்படி இருக்கிறது?' இதுக்கு 'மிக மோசம்'னு போட்டிருக்கு."

சம்ரீன் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள்.

"அசிங்கமா இருக்கேன்னா போட்ட?"

வலி என்று போட்டதையெல்லாம் அவளால் சிரித்துத் தள்ளியிருக்க முடியும். இது அப்படியில்லை. பத்தாவது படிக்கும்போது முதுகு மேட்டை மறைக்க, வெயிலென்றும் பாராமல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பெண் அவள்.

"ஐயோ, இல்லடி என் தங்கமே!" என்று மஜீதா வெடித்து அழுதாள். "நீ நேரா நின்னு தல வாரிக்கிறப்ப உன்னப் பார்த்துட்டு நான் டக்குனு திரும்பிக்கிறேன், தெரியுமா? என் கண்ணே பட்டுருமோன்னு. இவ்வளவு அழகா இருக்கான்னு நாலு பேரு பார்க்கிற எடத்துல எப்படிடி எழுதுவேன்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நர்ஸ் ஒருத்தி புதுப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். "இந்தத் தடவை பேஷண்ட் போடட்டும்" என்றார் டாக்டர். மஜீதாவுக்கு அதுவும் ஒப்பவில்லை. தன் கையாலேயே தன்னைப் பற்றி, நல்லா இருக்கேன் என்று எழுதுவது இன்னும் பொல்லாதது என்றாள். கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. சம்ரீன் ஒவ்வொரு 'மிக நன்று'க்கும் டிக் போடுவாள், மஜீதா உடனே, கண் படாமலிருக்க, "மாஷா அல்லாஹ்" சொல்லுவாள்.

டிக். மாஷா அல்லாஹ். டிக். மாஷா அல்லாஹ். வெளியே காத்திருந்த நோயாளிகள் உள்ளே ஏதோ நிக்காஹ் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பத்தாவது கேள்விக்கு நர்ஸும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தாள். பதினைந்தாவதற்கு டாக்டர் விக்டரே சொல்லிவிட்டு, சொன்னது தெரியாத மாதிரி மேஜையில் எதையோ தேடினார்.

கடைசிக் கேள்வி வந்தது. 'இதே நிலை மீண்டும் ஏற்பட்டால், இதே சிகிச்சையை மீண்டும் செய்துகொள்வீர்களா?'

"இதுக்கு நீங்க 'நிச்சயமாக மாட்டேன்'னு போட்டிருக்கீங்கம்மா" என்றார் டாக்டர். "இதுவும் கண்ணேறுக்காகத்தானா?"

மஜீதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல சார். அது ஒண்ணுதான் நெசமாப் போட்டேன். ஏழு மணி நேரம் அந்த பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். கதவு தொறக்கிறப்பல்லாம் எனக்கு உசுரு போய் வந்துச்சு. திரும்ப என்னால முடியாது."

நஜிமுதீன் தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னாலயும்தான்" என்றார்.

சம்ரீன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். பிறகு 'நிச்சயமாகச் செய்துகொள்வேன்' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டாள். மாஷா அல்லாஹ் வரவில்லை. மஜீதா அந்தக் கட்டத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு வலிச்சுதேடி உனக்கு?"

"வலிச்சுதும்மா. பத்து நாள் செத்துடலாம் போல இருந்துச்சு."

"அப்புறமுமா?"

"அப்புறமும்தான். நூறு தடவ கேட்டாலும் இதத்தான் போடுவேன். நான் நல்லா இருக்கேம்மா. மூணு வருஷமா நல்லாத்தான் இருக்கேன். டாக்டர்கிட்ட கேக்குறீங்க, எக்ஸ்ரேகிட்ட கேக்குறீங்க, என்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

டாக்டர் லெட்டர்பேடை இழுத்து, சம்ரீன் வண்டி ஓட்டலாம் என்று எழுத ஆரம்பித்தார். நஜிமுதீன் எழுந்தார். வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்கத்தான் வீட்டிலிருந்தே நினைத்து வந்தார். கேட்கவில்லை. டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தார். பின்னாலேயே அம்மாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

அவர்கள் ஆட்டோவில் ஏறும்போது நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் சீல் போட்ட கடிதம்.

"பாய்! இத விட்டுட்டுப் போறீங்களே! இதத்தானே கேட்டிருந்தீங்க?"

நஜிமுதீன் அதைக் கையில் வாங்கவில்லை.

"அது எதுக்கும்மா இனிமே" என்றார். "நல்லா இருக்கேன்னு அவளே சொல்லிட்டாளே."